மூன்றாவது வளைவு

எனக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது, ஐயா. இருந்தாலும் தினமும் காலையில் எதிர் நடைபாதையில் நின்று எங்கள் வீட்டின் முகப்பை ஒரு பார்வை பார்க்காமல் நான் சாப்பிட உட்கார்ந்ததில்லை. இருநூறு வருட வீடு. மேலே ஐந்து ஜன்னல், கீழே நான்கு, நடுவில் தலைவாசல். வீட்டை ஒட்டினாற்போல் குதிரை லாயம். குதிரைகள் போய் எண்பது வருடமாகிறது. லாயத்தில் என் மாமனார் இருந்தார்.

லாயத்தின் முகப்பில் மூன்று செங்கல் வளைவுகள். கட்டியவரின் வரைபடத்தில் இரண்டுதான் வாசல். மூன்றாவது பொய் வளைவு, அழகுக்காகச் சுவரிலேயே வளைத்துக் காட்டியது. மாமனார் வந்த கையோடு அதை இடித்து ஒரு பச்சைக் கதவு வைத்துக்கொண்டார். லாயத்துக்குள் தடுத்துக் கட்டிய அவர் அறைக்கு வேறு வழி கிடையாது.

பழைய கட்டடங்களுக்குப் பட்டயம் தரும் குழு வருவதாகக் கடிதம் வந்தது. பதினோரு வருடம் தவம் கிடந்த கடிதம். முகப்பு வரைபடத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். மாமனாரிடம் முறையாகப் போய்ச் சொன்னேன்.

"கதவ அடைச்சிட்டா நான் எப்படி மாப்ளே வெளிய வர்றது?"

"வரைபடத்துல அந்தப் பக்கம் யாரும் வெளிய வரல, மாமா."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை மதியம் அவர் தூங்கும்போது கதவை வெளியே தாழ் போட்டு, அதன் முன்னால் நானே செங்கல் சுவர் கட்டினேன். கொத்தனாரைக் கூப்பிடவில்லை. அவர்கள் அவசரத்தில் சாந்தை அப்பிவிடுவார்கள். பாதிச் சுவர் எழும்பியபோது உள்ளிருந்து குரல் வந்தது.

"என்ன மாப்ளே சத்தம்?"

"வேலை நடக்குது மாமா. நீங்க படுங்க."

"சரி சரி" என்று படுத்துவிட்டார். தங்கமான மனிதர்.

அக்கா வீட்டுக்குப் போயிருந்த என் மனைவி ஃபோனில், "அப்பா எங்கங்க?" என்று கேட்டாள். "வீட்லதான் இருக்கார்" என்றேன். அவளிடம் நான் பொய் சொன்னதே கிடையாது.

வியாழக்கிழமை குழு வந்தது. தலைவி வளைவைத் தடவிப் பார்த்து, பழைய சுவர் எது, புதியது எது என்றே தெரியவில்லை என்றார். எனக்கு உச்சி குளிர்ந்தது. அப்போது உள்ளே தட்டும் சத்தம் கேட்டது.

"உள்ள என்ன?"

"லாயம்தானேம்மா" என்றேன்.

"இன்னும் குதிரை வச்சிருக்கீங்களா!" அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பட்டயத்தோடு சிறப்புப் பாராட்டும் எழுதிக் கொடுத்தார்கள்.

சனிக்கிழமைக்குப் பிறகு சத்தமில்லை. பழகிவிட்டார் என்றுதான் நினைத்தேன். திங்கட்கிழமை என் மனைவி திரும்பி வந்தாள். வளைவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உங்களைக் கூப்பிட்டாள்.

சுவரைக் கட்டியது நான்தான். அவர் உள்ளே இருப்பது தெரிந்தேதான் கட்டினேன். எங்கே கேட்டாலும் இதையே சொல்வேன். ஆனால் நீங்கள் கொலை என்று எழுதுகிறீர்கள் பாருங்கள், அது நியாயமில்லை. உள்ளே நடந்ததற்கு நான் எப்படி ஐயா பொறுப்பாவேன்? நான் கை வைத்ததெல்லாம் வெளிப்புறத்தில் மட்டும்தானே.