ஞாயிற்றுக்கிழமை மலைக்கு பஸ் இல்லை

“ஞாயிற்றுக்கிழமை போய் இறங்கினமெண்டால் துலைஞ்சம் அண்ணை. மலைக்கு பஸ் இல்லை.”

ரொறன்ரோவில், மில்லிக்கனில் எங்கே மலை? வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. பஸ்ஸில் என் எதிர் சீற்றில் இரண்டு பேர். இத்தாலியன் ரெஸ்ரோரன்ட் ஒன்றின் குசினியில் வேலை என்று பேச்சில் விளங்கியது. ஜாக்கெட்டில் உள்ளி மணந்தது.

“அப்ப சனிக்கிழமையே போவம். கார் எடுப்பமோ?”

“வேண்டாம். ரோட்டு முழுக்க ஆடுகள் நிக்குமாம், முதலாளி சொன்னவர். மத்தியானத்திலை கடையெல்லாம் பூட்டு. பாண் கொண்டுபோகவேணும்.”

“இத்தாலியிலை, அந்தக் கலாப்ரியாவிலை எங்கை தங்கிறது?”

“முதலாளியின்ரை பழைய வீடு சும்மா பூட்டிக் கிடக்கு. பூட்டின்ரை திறப்பு சந்திக் கோப்பிக்கடையிலை குடுத்து வைச்சிருக்காம். மேல் அறை ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியுமாம்.”

அண்ணை கண்ணை மூடிக்கொண்டார். “ஜன்னல் பக்கம் நான்தான் படுப்பன்.”

“படுங்கோ.”



“திரும்பி வாறது எப்பிடி?”

“அதுதானே அண்ணை. எங்கள் ரெண்டு பேருக்கும் கனடா இன்னும் பேப்பர் தரேல்லை. வெளிக்கிட்டால் திரும்ப உள்ளை விடாங்கள்.”

“ஓம், என்ன,” என்றார் அண்ணை, கண்ணைத் திறக்காமலே. “அப்ப திறப்பு அங்கையே இருக்கட்டும்.”