இருபத்தொன்பதும் எழுபதும்

கம்ப்யூட்டரில் ரயில் ஓட்டும் சிமுலேட்டர் விளையாட்டைப் புதிதாகத் தொடங்குகிறவர்கள் செய்யும் முதல் தவறு, ஆசைப்பட்டு ஐந்தாறு தடங்களை ஒரே நேரத்தில் வாங்கிவிடுவது. ஒரு தடம் போதும். அதையே திரும்பத் திரும்ப ஓட்டிப் பழக வேண்டும். எந்த வளைவுக்கு முன்னால் வேகத்தைக் குறைக்க வேண்டும், எந்தப் பாலத்தைத் தாண்டியதும் சிக்னல் வரும் என்பதெல்லாம் கண்ணை மூடினாலும் தெரிய வேண்டும். அடுத்த தடத்தைத் தீபாவளித் தள்ளுபடியில் பார்த்துக்கொள்ளலாம்.

காவேரி, நீ கேட்டது இது இல்லை என்று எனக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை நீ கடைக்கு வந்து, கண் ஆஸ்பத்திரிச் சீட்டை என் முன்னால் வைத்துவிட்டு, "இன்னாத்துக்குண்ணா இப்டி பண்ண?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாய். நான் ஃபிரேம்களைத் துடைத்துக்கொண்டே நின்றேன். கால் மணி நேரம் காத்திருந்துவிட்டு நீ போனாய். எனக்கு நேரில் பேச்சு வராது. உன் அண்ணன் பாரத்துக்கு அது தெரியும். அவனும் நானும் ஒரு வார்த்தை பேசாமல் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்திருப்போம். அதனால் எழுதுகிறேன். எழுதுவதென்றால் அந்த முதல் தடத்திலிருந்துதான் தொடங்க முடியும்.

உன் அண்ணனும் நானும் நந்தனம் கல்லூரியில் ஒரே பெஞ்ச். படிப்பு முடிந்த வருடம் ரயில்வேயில் உதவி லோகோ பைலட் வேலைக்கு அறிவிப்பு வந்தது. மயிலாப்பூரில் எங்கள் வீட்டு உள்ளறையில் உட்கார்ந்து இரண்டு பேரும் ஒரே நாளில் விண்ணப்பித்தோம். ரயில் ஓட்டுவது எப்படி இருக்கும் என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம் என்றவன் அவன்தான். ரிச்சி தெருவில் ஒரு பழைய கம்ப்யூட்டரும், ஏதோ ஓர் அலுவலகம் கழித்துப்போட்ட மானிட்டரும் வாங்கினோம். லிவர் வைத்த கருவிகளெல்லாம் விற்கிறார்கள். தொடக்கத்தில் அவை வேண்டாம், கீபோர்டு போதும். விளையாட்டோடு சேர்ந்து வந்தது ஒரு ஜெர்மன் பள்ளத்தாக்கு. அந்த ஊர்ப் பெயர்கள் வாயில் நுழையாமல் பாரத் எல்லாவற்றுக்கும் நம் ஊர்ப் பெயர் வைத்தான். மலை நடுவே பனி கொட்டும் ஒரு நிலையம் சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று.

மூன்றாவது ஞாயிறோ நான்காவதோ, நான் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

"டேய், செவப்பு கீதுடா. இன்னாடா பூந்துக்கினு போற?"

திரை உறைந்தது. அபாய சிக்னலைத் தாண்டிவிட்டதால் பயணம் முடிந்தது என்று செய்தி வந்தது.

"மஞ்சள்னு நெனச்சேன்."

"நெனப்ப, நெனப்ப. ஆயிரம் பேர கூவத்துல கவுத்துட்டு மஞ்சள்னு நெனச்சேன்னு சொல்லுவியா மச்சி?"

சமையலறையிலிருந்து அம்மா, "யாரைடா கவுத்துண்டிருக்கேள் அங்கே?" என்றாள்.

"உங்க புள்ள ரயில மாமி. உஷாரா இருங்க, டிக்கெட் எடுத்துடாதீங்க."

அவன் சிரித்துக்கொண்டே நாற்காலியை வாங்கிக்கொண்டான். அதே சிக்னலில் சரியாக நின்றான். நான் அவன் பின்னால் நின்று அந்தச் சின்ன விளக்கையே பார்த்தேன். எனக்கு அது அப்போதும் மஞ்சளாகத்தான் இருந்தது.

அந்தச் சமயம் நான் தி. நகர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டிப் பொருத்தும் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். மாலையில் வரும் கண் பரிசோதகரின் மேசையில் ஒரு புத்தகம் இருக்கும். ஒவ்வொரு பக்கத்திலும் வட்டம் நிறைய வண்ணப் புள்ளிகள், புள்ளிகளுக்குள் ஓர் எண். ஒரு மதியம் அதை எடுத்துப் பார்த்தேன். கடைசிப் பக்கத்தில் அட்டவணை இருந்தது. சரியான பார்வை உள்ளவருக்கு எட்டு என்று தெரிவது சிவப்பு-பச்சைக் குறை உள்ளவருக்கு மூன்று என்று தெரியும். இருபத்தொன்பது எழுபதாகத் தெரியும். நான் பார்த்தது மூன்று. நான் பார்த்தது எழுபது. புத்தகத்தை மூடி இருந்த இடத்தில் வைத்துவிட்டு மீதி லென்ஸ்களை வெட்டினேன்.

இந்தக் குறை இருப்பவனை ரயில் ஓட்ட எடுக்க மாட்டார்கள். இதற்கு மருந்தும் கிடையாது. நான் யாரிடமும் சொல்லவில்லை. முதல் தேர்வில் இருவரும் தேறியிருந்தோம். இரண்டாவது தேர்வன்று எனக்குக் காய்ச்சல் என்று பாரத்திடம் சொன்னேன். அவன் எழுதினான், தேறினான். அடுத்த கட்டத்துக்குக் கண் மருத்துவரின் சான்றிதழ் வேண்டும். கடைக்கு வந்தான்.

"டாக்டராண்ட போறதுக்கு முன்னாடி நீயே ஒருவாட்டி பாத்து சொல்லு மச்சி. அங்க போய் அசிங்கப்படக் கூடாது பாரு."

புத்தகத்தை எடுத்தேன். அந்த நிமிடம்வரை எனக்கு எந்த எண்ணமும் இல்லை. இதை நீ நம்ப வேண்டும் என்பதில்லை. முதல் பக்கத்தைத் திருப்பினேன்.

"எட்டு," என்றான் உடனே.

"மூணு," என்றேன்.

"இன்னாது?"

"இது மூணுடா."

அவன் புத்தகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தான். "எனக்கு எட்டு மாரி கீது," என்று சிரித்தான். அடுத்த பக்கம். "இருபத்தொம்போது." நான் எழுபது என்றேன். அடுத்ததற்கும் சிரித்தான். ஐந்தாவது பக்கத்தில் சிரிப்பு நின்றது. ஏழாவது பக்கத்தில் அவன் என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தான். நான் எண்ணைச் சொன்னதும், "ஆமா, அது மாரிதான் கீது," என்றான்.

நான் பொய் சொன்னதாக நீ நினைப்பாய். ஒரு பக்கத்தில்கூட நான் காணாத எண்ணைச் சொல்லவில்லை.

ஆனால் பாரத் முட்டாள் இல்லை. இரண்டு நாள் கழித்து வந்து, "கேம்ல நான் கரீக்டாதான நிக்கறேன். நீதான ராங்கா பூந்த?" என்றான். கேள்வியில் சந்தேகம் இல்லை, குழப்பம்தான் இருந்தது. அது சந்தேகமாக மாற அதிக நாள் ஆகாது என்று எனக்குத் தெரிந்தது.

பழைய மானிட்டர்களின் அடியில் நாலைந்து பொத்தான்கள் இருக்கும். அழுத்தினால் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனி எண் வரும். மூன்றும் நூறில் இருந்தன. சான்றிதழ் கொடுக்க மூன்று மாதம் இருந்தது. சிவப்பை மட்டும் வாரத்துக்கு ஐந்து ஐந்தாகக் குறைத்தேன். சட்டென்று குறைத்தால் யாருக்கும் தெரிந்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் கண் பழகிக்கொள்ளும். புதுக் கண்ணாடி போடுகிறவர்களுக்கு நாங்கள் கடையில் சொல்வதும் அதுதான். எனக்கு அந்த மாற்றம் ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. எண்ணை மட்டும் பார்த்துக் குறைத்தேன். மற்ற நாட்களில் அந்தப் பள்ளத்தாக்கை மனப்பாடம் செய்தேன். ஒவ்வொரு சிக்னலும் எங்கே நிற்கிறது, கம்பத்தில் எந்த இடத்து விளக்கு எரிந்தால் நிற்க வேண்டும், எல்லாம். ஒரே தடமாக இருந்ததால் முடிந்தது.

குறைக்கத் தொடங்கிய ஒன்பதாவது ஞாயிறு அவன் சிக்னலைத் தாண்டினான்.

"எங்கடா இருந்துது அது? எரியவே இல்லியே."

"எரிஞ்சுது."

அடுத்து நான் ஓட்டினேன். எல்லாச் சிக்னலிலும் நின்றேன். அவன் நாற்காலியை விட்டுத் தரையில் உட்கார்ந்தான். "போன்ல, ரோட்ல எல்லாம் நல்லாதான தெரியுது," என்றான். கிட்டத்தில் பெரிதாக இருந்தால் தெரியும், தூரத்தில் சின்னப் புள்ளியாக இருந்தால் தெரியாது, ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும் என்றேன். கண்ணாடிக் கடைக்காரன் சொன்னால் யாரும் நம்புவார்கள். அவன் தலை என் முழங்காலில் சாய்ந்திருந்தது. மறைக்காமல் சொல்கிறேன், அது நல்ல மாலை.

அப்போதும் கண் மருத்துவரிடம் போய்விடுகிறேன் என்றான். அவர் எழுதிவிட்டால் வெளியே தெரிந்துவிடும் என்றேன். இந்தக் குறை அம்மா வழியாக வருவது, அக்கா தங்கைகளின் பிள்ளைகளுக்கும் வரும் என்றேன். அதுவும் பொய் இல்லை. உனக்கு அப்போது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் சான்றிதழ் வாங்கவே போகவில்லை. உன் பெயரைச் சொன்னது போதுமாக இருந்தது. வீட்டில் பரீட்சையில் தோற்றுவிட்டதாகச் சொன்னான். உன் அம்மா முத்தம்மா அவனுக்கு வஞ்சிரம் வறுத்துப் போட்டு, "பாஸ் ஆவலன்னா இன்னா நைனா, ரயிலு எங்க ஓடிப்பூடும்?" என்றார்களாம். வந்து சொல்லி அழுதான். உன் கல்யாணப் பந்தலில், எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, என் கையைப் பிடித்துக்கொண்டு, "காப்பாத்திட்ட மச்சி," என்றான்.

அவன் உன் அப்பாவோடு மீன்பிடிக்கக் கடலுக்குப் போவதை ஏன் நிறுத்தினான் என்று உங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. விடியுமுன் எதிரே வரும் படகின் விளக்கு சிவப்பா பச்சையா என்று தெரியாமல் அப்பாவைக் கொன்றுவிடுவோம் என்று பயந்தான். உன் அப்பா டில்லிபாபு, குப்பம் முழுக்கக் கேட்கும்படி, "டிகிரி வாங்கிக்கினு தண்ணியப் பாத்து பயப்படறான் பாரு," என்றார். நீயும் கேட்டிருப்பாய். அடையாற்றில் ஒரு சூப்பர் மார்க்கெட் கிடங்கில் பெட்டி அடுக்கப் போனான். சட்டை எடுக்க வேண்டுமானால் என்னைக் கூட்டிக்கொண்டு போவான். நிறத்தை நான் சொல்வேன். நான் சொன்னதை எடுப்பான்.

ஞாயிறுதோறும் வந்தான். தீபாவளிக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று என்று தடங்கள் சேர்ந்தன. இன்று பதினான்கு. யாரோ ஆர்வலர்கள் செய்து இலவசமாகக் கொடுக்கும் நம் ஊர்த் தடங்கள் தனி. ஒவ்வொன்றையும் நான் வாரநாட்களில் மனப்பாடம் செய்த பிறகுதான் அவனுக்குக் காட்டுவேன். அவன் ஓட்டுவான். நான் பக்கத்தில் உட்கார்ந்து சிக்னலைச் சொல்வேன். அவன் அதைத் திருப்பிச் சொல்வான். நிஜ ரயிலிலும் லோகோ பைலட்டும் உதவியாளரும் அப்படித்தான் சத்தமாகச் சொல்லிக்கொள்ள வேண்டும். விண்ணப்பம் போட்ட அன்று நாங்கள் இரண்டு பேரும் ஆசைப்பட்டது அதற்குத்தானே. ஜன்னல் திறக்காத ஓர் அறையில் அது எங்களுக்குக் கிடைத்திருந்தது. அம்மா மட்டும் எப்போதாவது, "அந்தப் பிள்ளை இங்கேயே கிடக்கே, அவாத்துல தேட மாட்டாளோ?" என்பாள்.

நாலைந்து வருடம் கழித்து மறுபடி அறிவிப்பு வந்தது. "எழுதி பாஸாயி நேரா ரயில்வே டாக்டராண்டயே நின்னுடறேன் மச்சி. இல்லன்னா இல்லன்னு அவரு வாயால கேட்டுக்கறேன். எனக்கு இப்டி இருக்க முடியல," என்றான். அவன் அப்படி நிமிர்ந்து பேசி வெகுநாள் ஆகியிருந்தது. உன் பையனுக்கு அப்போது இரண்டு வயது. மாமியார் வீட்டுக்குத் தெரிந்தால் குழந்தைக்கும் இருக்குமென்று காவேரியைத்தான் பேசுவார்கள் என்றேன். பாதி நிரப்பிய விண்ணப்பத்தை என் முன்னாலேயே அழித்தான். அதற்கடுத்த அறிவிப்பைப் பற்றி அவன் பேச்செடுக்கவில்லை. இந்த ஜூனில் வயது வரம்பைத் தாண்டினான். நான் கேக் வாங்கியிருந்தேன்.

அதன்பிறகு உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். இனி அவன் தவறவிடக் கடைசித் தேதி எதுவும் இல்லை. சொன்னாலும் வலிக்காது. அதற்குள் உன் பையன் சிவப்புக் கிரேயானை எடுத்துக்கொண்டு பச்சை, பச்சை என்று விளையாட்டுக்குச் சொல்ல, பாரத் பயந்து உன்னிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். இரண்டு பேரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கிறாய். பையன் எல்லா எண்ணையும் சரியாகச் சொன்னான் என்று சீட்டில் பார்த்தேன். பாரத்தும் எல்லாம் சரியாகச் சொல்லியிருக்கிறான். இருபத்தொன்பதைக்கூட.

நீ இதைப் பொறாமை என்று நினைக்கிறாய். பொறாமைப்பட்டவன் அவன் அழும்போது சந்தோஷப்பட்டிருப்பான். நானும் கூடவே அழுதேன். அவன் வேலைக்குப் போயிருந்தால் ஜோலார்பேட்டையோ பாலக்காடோ போட்டிருப்பார்கள். மாதத்துக்கு ஒருமுறை வருவான், பிறகு அதுவும் குறையும். என் கண்ணைப் பற்றி யாரிடமும் நான் சொன்னதில்லை. அவனுக்கும் தெரியாது. இதைப் படிக்கும் நீதான் முதல் ஆள். இப்படி ஒரு கண்ணோடு அந்த அறையில் தனியாக உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று உன்னால் யோசிக்க முடிந்தால், உன் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். அவனுக்கு நான் ஒரு கெடுதலும் நினைக்கவில்லை. என்னிடம் இருந்ததை அவனோடு பகிர்ந்துகொண்டேன்.

நேற்றோடு ஒன்பது நாளாக அவன் போன் எடுக்கவில்லை. கோபம் இருக்கும், நியாயம்தான். போன வாரம் ஒரு புதுத் தடம் வாங்கினேன், கடலோரமாகவே போகிறது, அவனுக்குப் பிடிக்கும். இன்னும் மனப்பாடம் செய்யவில்லை. அதில் சிக்னல்கள் எங்கே இருக்கின்றன என்று எனக்குத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து யாராவது சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்கு வருவான் என்று கேட்டுச் சொல்.