பன்னிரண்டாவது கேள்வி

— இன்னும் ரெண்டு கரண்டி குடி, மிதுஷன். வெறும் ரசம்தான்.

— அம்மா, வார்டு முழுக்க மணக்குது. பக்கத்துக் கட்டில் கிழவர் எழும்பி வெளியிலை போயிட்டார்.

— போகட்டும். ஆஸ்பத்திரியிலை படுத்திருக்கிறவைக்கு நடக்கிறது நல்லது. நீ குடி. மூண்டு நாளா ஒழுங்காத் தின்னேல்லை.

— அப்பா வரேல்லையோ?

— லவினியாவைக் கூட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போயிட்டார். பதினொரு மணிக்கு அவளுக்கு விளையாட்டு. இண்டைக்கு வேண்டாமெண்டு நான் சொல்லிப் பாத்தனான். “அண்ணா விழுந்துபோய்க் கிடக்கிறார், அவருக்காண்டி ரெண்டு கோல் அடிக்கவேணும்” எண்டு ஒற்றைக்காலிலை நிக்கிறாள்.

— அடிப்பாள். அவள் என்னைவிடத் திறம். சரி, ரசத்தை அங்காலை வையுங்கோ. டொக்டர் தந்த இந்தப் போர்மை நிரப்புவம். பன்னிரண்டுக்கு முதல் டொக்டருக்குக் குடுக்கவேணும்.

— பிறகு பாப்பம், ராசா.

— ஏன் பிறகு? காலமை டொக்டர் சொன்னது விளங்கினதோ உங்களுக்கு? நீங்கள் யன்னலைப் பாத்துக்கொண்டெல்லோ நிண்டனீங்கள்.

— உன்ர இதயத்தின்ர சுவர் தடிச்சிருக்கெண்டு சொன்னவ.

— ஓம், ஆனா அது நோயெண்டு இன்னும் சொல்லேல்லை. நல்லா ஓடுற ஆக்களுக்கும் தடிக்குமாம். என்ர நடுவிலை நிக்குது, ரெண்டாயும் இருக்கலாம். குடும்பத்திலை ஒருத்தருக்கும் இல்லையெண்டால் மூண்டு மாசம் ஓடாமல் இருக்கட்டாம். சுவர் மெலிஞ்சால் திரும்ப விளையாட விடுவினம்.

— குடும்பத்திலை இருந்தால்?

— இருந்தால் அவ்வளவுதான். இந்த நாட்டிலை ஒரு கிளப்பும் என்னை உள்ளை விடாது. ஆனா எங்களுக்குத்தான் இல்லையே. ட்ரெயினிங்கிலை மயங்கினது வெயிலாலை, அம்மா. அண்டைக்கு நான் தண்ணியே குடிக்கேல்லை. ட்ரெயினர் நேற்று இதிலை, இந்தக் கதிரையிலை இருந்து சொன்னவர், “உன்ர இடம் உனக்குத்தான், எப்ப சுகமோ அப்ப வா” எண்டு. இருபது வயசுப் பெடியனுக்கு ரெண்டாம் லீக்கிலை ஆர் அப்பிடி இடம் பிடிச்சு வைப்பினம்?

— நல்ல மனுசன்.

— அப்பா தன்ர பக்கத்துக்கு எழுதிக் கையெழுத்து வைச்சிட்டார். இனி உங்கட பக்கம்தான். பன்னிரண்டாவது கேள்வியிலை “நைன்”, இல்லையெண்ட பெட்டிக்குள்ளை ஒரு புள்ளடி, கீழை உங்கட பேர். இந்தாங்கோ பேனை.

— கேள்வியை வாசி.

— உங்களுக்கு ஜேர்மன் வாசிக்கத் தெரியும்தானே.

— நீ தமிழிலை சொல்லு.

— சரி. “உங்கட ரத்த உறவிலை ஆரும் அம்பது வயசுக்கு முதல், காரணம் தெரியாமல், திடீரெண்டு இறந்தவையோ?” ரெண்டு வருசத்துக்கு முதல் கிளப்பிலை கொன்ராக்ட் வைக்கேக்கையும் இதைத்தான் கேட்டவை. நான் குசினிக்குள்ளை வந்து உங்களைக் கேட்டனான். நீங்கள் மீன் பொரிச்சுக்கொண்டு நிண்டனீங்கள்.

— ஓம்.

— திரும்பிப் பாக்காமலே இல்லையெண்டனீங்கள்.

— உனக்குப் பதிமூண்டு வயசா இருக்கேக்க, முதல் வந்த போர்மிலையும் நான்தான் நைன் போட்டனான்.

— அப்ப இப்பவும் போடுங்கோவன். என்னம்மா, ஏன் பேனையைத் திருப்பித் தாறீங்கள்?

— மிதுஷன், ரகு மாமா...

— ரகு மாமா செல் குண்டு விழுந்து செத்தவர். அது சண்டை, வருத்தமில்லை. அது இதுக்குள்ளை வராது.

— செல் படேல்லை.

— என்ன?

— என்ர அண்ணையிலை ஒரு கீறல்கூட இல்லை. இடம்பெயர்ந்து வன்னியிலை இருக்கேக்க, ஒரு பின்னேரம், பள்ளிக்கூட வளவிலை பந்தடிச்சுக்கொண்டு நிண்டவர். பந்துகூட அவரிட்டை இல்லை, மற்றப் பக்கம் நிண்டது. சும்மா ஓடி வந்தவர், அப்பிடியே முகங்குப்புற விழுந்தார். நான் வேலிக்கரையிலை நிண்டனான். பகிடி விடுறார் எண்டு நினைச்சுச் சிரிச்சனான், அப்பு. சிரிச்சனான்.

— அவருக்கு அப்ப எத்தினை வயசு?

— உன்ர வயசு.

— அப்ப அந்தச் செல்?

— செல் விழுந்தது பொய்யில்லை. அடுத்த கிழமை அதே வளவிலை விழுந்து நாலு பேர் செத்தவை. இஞ்சை வந்து அகதியா ஏற்கச்சொல்லி அசூல் அடிக்கேக்க நான் அண்ணையை அஞ்சாவது ஆளாச் சேத்தனான். வீடு எரிஞ்சது உண்மை, உயிரைக் கையிலை பிடிச்சுக்கொண்டு ஓடினது உண்மை. அந்த ஒண்டுதான் பொய். கூட்டிக்கொண்டு வந்த ஆள் அப்பிடித்தான் சொல்லித் தந்தது. “தமையன் பந்தடிக்கேக்க விழுந்து செத்தவர்” எண்டால் என்னை ஆர் இருக்க விட்டிருப்பினம்?

— அது இருபத்தைஞ்சு வருசத்துக்கு முந்தி, அம்மா! இப்ப எங்களிட்டை ஜேர்மன் பாஸ்போட் இருக்கு.

— அதுதானே பயம். ஒரு தாளிலை ஒண்டும் மற்றத் தாளிலை வேறை ஒண்டும் இருந்தால், பாஸ்போட்டைத் திருப்பித் தா எண்டு கேப்பாங்கள் எண்டு நினைச்சன்.

— டொக்டருக்குப் போற தாள் அந்த ஒபீசுக்குப் போகாது!

— இப்ப தெரியுது. எனக்கு எல்லா ஜேர்மன் தாளும் ஒரே ஆளின்ர மேசைக்குப் போறமாதிரித்தான் இருந்தது. போர்ம் வரேக்க எல்லாம் நான் அண்ணையைத் திரும்பவும் செல்லாலை சாக்காட்டினனான்.

— அப்பாவுக்குத் தெரியுமோ?

— இல்லை. அவர் சின்னனிலை அண்ணையோட விளையாடினவர்தான், ஆனா தொண்ணூற்றி ரெண்டிலையே இஞ்சை வந்திட்டார். அவருக்கும் நான் சொன்ன செல்தான் தெரியும். கலியாணம் கட்டினாப் பிறகு எந்த வாயாலை மாத்திச் சொல்றது?

— நான் முதல் கோல் அடிச்சிட்டு வானத்தைக் காட்டினனான். செல்லிலை செத்த மாமாவுக்கு எண்டு ஸ்டுட்கார்ட் பேப்பரிலை படத்தோட வந்தது. நீங்கள் அதுக்குக் கண்ணாடி போட்டு ஹோலிலை கொழுவி வைச்சிருக்கிறீங்கள்.

— ஒவ்வொரு நாளும் அதைத் துடைக்கேக்க எனக்கு...

— வேண்டாம், அம்மா. சொல்லவேண்டாம்.

— சரி. சொல்லேல்லை.

— அம்மா, இண்டைக்கு ஒருக்கா மட்டும் நைன் போடுங்கோ.

— கேளாதை, ராசா.

— ஆருக்குத் தெரியப்போகுது? அப்பாவுக்கே தெரியாது. மூண்டு மாசம்தான். எனக்கு வேறை என்ன தெரியும், சொல்லுங்கோ? படிப்பை அரைகுறையிலை விட்டிட்டன். பந்து மட்டும்தான் தெரியும். ரெண்டு தரம் போட்டனீங்கள்தானே!

— அப்ப நீ விழேல்லை. வேலிக்கரையிலை நிண்டு ஒருக்காப் பாத்திட்டன். இன்னொருக்கா என்னாலை ஏலாது. தா பேனையை.

— அம்மா, பிளீஸ்.

— “யா”, ஓமெண்ட பெட்டியிலை போட்டிட்டன். பேர் ரகுநாதன், வயசு இருபது, தாயின்ர தமையன். கையெழுத்தும் வைச்சாச்சு. இனி என்னைத் திட்டு. அடிச்சாலும் வாங்குறன்.

— அப்ப முடிஞ்சுது.

— ஓம், ராசா.

— பதினொரு ஆட்டம். ஒரு கோல். முதல் தரம் உள்ளை போகேக்க எழுபத்தோராம் நிமிசம், மழை. பலகையிலை என்ர நம்பரைத் தூக்கிப் பிடிச்சவங்கள். அவ்வளவுதானோ, அம்மா? இனி நான் பஸ்ஸைப் பிடிக்கவும் ஓடேலாதோ?

— வா, இஞ்சாலை வா. அம்மாவிலை சாஞ்சு அழு.

— உங்களோட இனிக் கதைக்கக்கூடாது எண்டு இருக்கு.

— கதையாதை. கதைக்காமல் சாய்.

— ...அம்மா.

— என்னப்பு?

— ரெண்டு தரமில்லை.

— என்ன ரெண்டு தரமில்லை?

— போன மாசம் லவினியாவை மாநில அணிக்கு எடுத்தவை. அவளுக்கும் இந்தப் போர்ம் வந்திருக்கும்.

— ஐயோ.

— பன்னிரண்டாவதிலை என்ன போட்டனீங்கள்?

— ஐயோ, என்ர பிள்ளை.

— பதினொண்டு இருபது. அப்பாவுக்குப் போன் அடியுங்கோ. ஸ்பீக்கரிலை போடுங்கோ, கெதியா!

— எடுக்கிறாரில்லை... எடுத்திட்டார். இஞ்சாருங்கோ! லவினியாவை வெளியிலை எடுங்கோ! ஓடவேண்டாமெண்டு சொல்லுங்கோ, உடனை!

— என்ன, பிறேமா? ஒண்டும் கேக்கேல்லை, இஞ்சை ஒரே கத்தல். நீயும் வந்திருக்கவேணும். மகளைப் பாக்கவேணுமே! பந்து மற்றப் பக்கம் நிக்குது, இவள் சும்மா ஓடி வாறாள். ரகுவின்ர ஓட்டம், அப்பிடியே.