தட்டில் வளராத உயிர்

அளந்து பேசச் சொல்லி அன்போடு நேரம் தந்த தலைவர் அவர்களே! ஆய்வகத்திலேயே தலை நரைத்த ஆன்றோர்களே! "உங்க பொண்ணு இன்னுமா படிக்குது?" என்று கேட்போருக்கெல்லாம் விடை சொல்லிச் சலித்த தாய்மார்களே! முனைவர் பட்டம் முடித்தும் முகவரி தேடி அலையும் தம்பி தங்கைகளே! வணக்கம்.

பட்டம் வாங்கியாயிற்று. அடுத்து எங்கே? எவருடைய ஆய்வகம்? எப்படிக் கேட்பது?

என் பக்கத்து மேசையில் ஒருத்தி இருந்தாள். எதையும் சலித்துச் சலித்துப் பார்ப்பதால் அவளைச் சல்லடை என்றே அழைப்போம். உப்புநீரில் வாழும் நுண்ணுயிர்கள் அவள் துறை. உதவித்தொகை மாதக் கடைசியோடு முடிகிறது. அதற்குள் போஸ்ட்டாக், அதாவது முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணி, கிடைக்காவிட்டால், ஆய்வையே விட்டு வெளியேற வேண்டியதுதான்.

கண்ணில் பட்ட ஆய்வகத்துக்கெல்லாம் மின்னஞ்சல் அனுப்பினாள். எல்லாவற்றிலும் ஒரே வரி: 'தங்கள் ஆய்வு என்னை மெய்சிலிர்க்க வைத்தது.' படித்த ஆய்வுக்கும் சிலிர்ப்பு, படிக்காத ஆய்வுக்கும் சிலிர்ப்பு! பின்வரிசையில் சிரிக்கிறீர்கள், நீங்களும் அதே வரியைத்தான் அனுப்பியிருக்கிறீர்கள் என்று புரிகிறது. அவள் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "எல்லார்கிட்டயும் இப்படியே மயங்கி விழுந்தா யாருடி நம்புவா?" என்றாராம். ஒருவரும் பதில் போடவில்லை.

ஒரே ஓர் ஆய்வகத்துக்கு மட்டும் அவள் எழுதவில்லை. அவளுக்கு மிகவும் பொருந்திய இடமே அதுதான்; ஆள் தேவை என்று அறிவித்தும் இருந்தார்கள். ஏன் எழுதவில்லை? அவர்கள் கட்டுரையில் செழித்து வளர்ந்த நுண்ணுயிர், இவள் வளர்ப்புத் தட்டில் ஒவ்வொரு முறையும் செத்தது. தன் கைதான் சரியில்லை என்று முடிவுகட்டிவிட்டாள். நான் கேட்டபோது, "நீங்க எழுதினபடி செஞ்சேன், எல்லாம் செத்துப்போச்சுன்னு சொல்லியா வேலை கேக்க முடியும்?" என்று எரிந்து விழுந்தாள்.

ஆனால் கேட்டாள்! வேறு போக்கில்லாமல் போன அன்று, புகழ்ச்சி ஒரு சொட்டும் இல்லாமல் எழுதினாள்: உங்கள் முறைப்படி செய்தேன், வளரவில்லை, ஏன் என்று உங்களோடு இருந்து கண்டுபிடிக்க விரும்புகிறேன். அனுப்பிய கையோடு மேசையைக் காலி செய்யத் தொடங்கினாள்.

மறுநாள் அந்த ஆய்வகத் தலைவியே கணினித் திரையில் வந்தார். தட்டைக் காட்டச் சொன்னார். காட்டினாள். அவர் திரைக்கு அருகே குனிந்து பார்த்தார். நான் ஓரமாக நின்றிருந்தேன். பிறகு சொன்னார்: "எங்களுக்கும் இப்ப வளர மாட்டேங்குதும்மா. அன்னிக்கு எப்படி வளர்ந்துச்சுன்னே புரியல. பாராட்டி நெறைய பேர் எழுதுறாங்க, இத ஒருத்தரும் எழுதல. நீங்க எப்ப வர்றீங்க?"

அவையோரே, எல்லோருக்கும் இப்படி விடை வரும் என்று பொய் சொல்ல நான் மேடையேறவில்லை. திறமை இருந்தும் இடம் கிடைக்காமல் போனவர்களை அறிவேன். அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனாலும் கேட்கிறேன்: ஆய்வகம் தேடுவது துதி பாடுபவரையா, துணை நிற்பவரையா? புகழ ஊரே உண்டு; புரியாததைப் பக்கத்தில் நின்று பார்க்க யார் உண்டு? வென்றதை எழுதுங்கள். விடை தெரியாமல் நின்ற இடத்தையும் எழுதுங்கள்! உங்களுக்கான நாற்காலி அங்கேதான் காலியாக இருக்கக்கூடும்.

பொறுமையோடு செவிசாய்த்த அவைக்கு நன்றி. எதுவுமே வளராத தட்டையும் வீசி எறியாமல் வைத்திருக்கும் கைகளுக்கு என் வணக்கம்.