கிளெனிஸின் தட்டு

வாழைப்பழ கேக்குக்குப் பழம் நன்றாகக் கறுத்திருக்க வேண்டும், தம்பி. மஞ்சளாக இருக்கும்போதே பிசைகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. எழுதிக்கொள்ளுங்கள், அவசரமில்லை.

கிளெனிஸ் நன்றாகச் செய்வாள். மேலே பூசும் சாக்லேட்டில் ஆரஞ்சுத் தோலைத் துருவிப் போடுவாள். என் கணவர் கோலின் இறந்தபோது அந்தக் கேக்கைத்தான் கொண்டுவந்தாள். ஒரு வாய் வைத்ததும் புரிந்துவிட்டது. பதினோரு வருஷமாக வியாழக்கிழமைதோறும் ஆட்டுச் சந்தைக்கென்று சொல்லிப் போய்த் திரும்பிய என் மனிதரின் மீசையில் அடித்த வாசனை அது.

"ரொம்ப நல்லாருக்கு" என்றேன்.

"கோலினுக்கு இதுன்னா உயிருடி" என்றாள், கொஞ்சமும் கூசாமல்.

எங்கள் ஊர் ஹாலில் என்ன விசேஷமானாலும் பெண்கள் ஆளுக்கொரு தட்டு பலகாரம் கொண்டுபோவோம். தட்டு மாறிவிடக் கூடாதென்று அடியில் பிளாஸ்திரி ஒட்டிப் பெயர் எழுதியிருப்போம். ஆடுகளுக்குக் கம்பளி வெட்டி முடிந்த விருந்தன்று, சமையலறையில் ஆளில்லாத நேரம் பார்த்து, கிளெனிஸின் தட்டிலிருந்த கேக்கை என் பையில் போட்டுக்கொண்டு, நான் செய்ததை வைத்தேன். அதே அளவு, அதே ஆரஞ்சுத் தோல். கூடுதலாக எலி மருந்து மட்டும்.

நாலு பேருக்கு வயிறு கலங்கட்டும், அவள் பேர் நாறட்டும் என்றுதான் செய்தேன் என்று சொல்ல ஆசைதான். பொய். அளவு பார்த்துத்தான் போட்டேன்.

மூன்று பேர் பிழைத்துக்கொண்டார்கள். பெரில் போய்விட்டாள். முப்பது வருஷம் என் பக்கத்தில் நின்று கோப்பை கழுவியவள். "இன்னொரு துண்டு வெட்டேன்டி, யாரு பாக்கப் போறா" என்றாள். வெட்டிக் கொடுத்தேன். அவளோடு எனக்கு ஒரு பகையும் இல்லை.

உங்கள் போலீஸ் ஆட்கள் தட்டைத் திருப்பி அவள் பெயரைப் பார்த்தார்கள். கிளெனிஸ் வீட்டு அலமாரியில் மாவு டப்பாவுக்குப் பக்கத்திலேயே எலி மருந்து இருந்தது. எங்கள் பண்ணை வீடுகள் எல்லாவற்றிலும் அப்படித்தான். கைதவறிக் கலந்துவிட்டோம் என்று அவளே நம்பிவிட்டாள். மூன்று வருஷம் உள்ளே போட்டார்கள்.

மாதம் ஒருமுறை போய்ப் பார்க்கிறேன். அந்தக் கோலத்தைப் பார்க்கத்தானே இவ்வளவும் செய்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நம்ம பெரிலைக் கொன்னுட்டேனேடி, என்னை மன்னிச்சிருவியா" என்று தேம்புவாள். பதினாலு மாதமாக இதே பாட்டு. ஒரு தடவைகூட கோலின் பெயர் அவள் வாயில் வரவில்லை.

அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. நான் செய்ததற்கு அவள் எதற்கு அழ வேண்டும்? பெரிலைக் கொன்றது நான். கிளெனிஸை விட்டுவிடுங்கள், தம்பி. வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, அவள் செய்ததற்கு அழட்டும்.