ஊதிப் பார்ப்பவன்

எலுமிச்சைச் செடியைக் காலை ஒன்பது மணிக்குள் பார்த்துவிட வேண்டும். வெயில் ஏறினால் புழுக்கள் இலைக்கு அடியில் பதுங்கிக்கொள்ளும். ஓய்வு பெற்றபின் எனக்கு இதுதான் வேலை, ஐயா. அருங்காட்சியகத்தின் பூச்சிப் பிரிவில் முப்பத்தொரு வருடம் பெயர்ச்சீட்டு எழுதினேன். ஒரு லட்சம் புழுவாவது என் கையால் பெயர் பெற்றிருக்கும். என் மைத்துனன் நாலாயிரம் என்பான். அவன் எதையும் குறைத்தே சொல்வான்.

மைத்துனன் என்றால் என் மனைவியின் தம்பி. அதே பிரிவில் எனக்கு அடுத்த மேசை.

புழுவால் ஓட முடியாது. அதனால் ஒன்று உடம்பில் கண் மாதிரிப் பொட்டு வைத்துப் பாம்பாக முறைக்கும். ஒன்று தலையிலிருந்து சிவப்புக் கொம்பை நீட்டி ஊரையே நாறடிக்கும். கம்பளிப்பூச்சிக்கு முடியே ஆயுதம். எலுமிச்சைப் புழு மட்டும் சின்ன வயதில் அச்சு அசலாகப் பறவை எச்சம்போல இலைமேல் கிடக்கும்.

அதில்தான் வினை வந்தது. ஆனைக்கும் அடி சறுக்கும். ஒருமுறை எச்சத்தையே பெட்டியில் போட்டு, தளிர் இலை வைத்து, ஐந்து நாள் வளர்த்தேனாம். பெயர்ச்சீட்டும் ஒட்டினேனாம்.

அன்றிலிருந்து பத்தொன்பது வருடம், நாலு பேர் கூடிய இடத்திலெல்லாம், "அத்தான், உங்க பிள்ளைக்கு றெக்கை முளைச்சுதா?" என்பான். என் பணி ஓய்வு விழாவில் மைக்கையே பிடித்துக்கொண்டான்.

"அத்தான் வளர்த்தா எச்சம்கூட ஏரோப்ளேனா பறக்கும்ங்க."

ஐந்நூறு பேர் சிரித்தார்கள். நாற்பது பேர்தான் என்பாள் என் மனைவி. அந்த நாற்பதில் அவளும் ஒருத்தி.

மைத்துனனுக்கு ஒரு பழக்கம். கம்பளிப்பூச்சி எது கிடைத்தாலும் லென்ஸோடு மூக்கு உரசுகிற அளவுக்குக் குனிந்து ஊதுவான். முடி விலகினால் தோல் நிறம் தெரியும். நிறம் தெரிந்தால் பெயர் தெரியும். முடி உதிரும் வகை என்று சீட்டில் இருந்தால் மட்டும் முகத்தை மூடிக்கொள்வான். எங்கள் பிரிவில் சீட்டை யாரும் சந்தேகிப்பதில்லை.

போன மாதம் அவனுக்கு ஒரு பெட்டி கொடுத்தேன். உள்ளே கம்பளிப்பூச்சிகள் கழற்றிப்போட்ட தோல்கள். செத்த தோலிலும் முடியின் முனை மழுங்காது. மூடியில் எழுதியிருந்தேன்: 'முடி உதிராத வகை. பெயர் தெரியவில்லை.'

"அத்தானுக்கே தெரியலையா? குடுங்க, குடுங்க" என்று பறித்துக்கொண்டான். ஊதினான்.

வலது கண் போய்விட்டது. இடது கண்ணுக்கு வெளிச்சம் மட்டும் தெரிகிறதாம். அதற்கு நான் என்ன செய்ய? எந்தப் புழுவும் தேடிப்போய்க் குத்துவதில்லை. நானும் பத்தொன்பது வருடம் இலைமேல் சும்மா கிடந்தவன்தான்.

விபத்து என்று நீங்கள் எழுதியிருப்பதை அடித்துவிடுங்கள். விபத்து என்றால் வகை தெரியாமல் நான் சீட்டு எழுதியதாக ஆகிவிடும். ஜெயிலுக்குப் போகிறேன், அந்தப் பழி மட்டும் வேண்டாம். தெரிந்தேதான் எழுதினேன். முப்பத்தொரு வருடமும் சேர்த்து, நான் எழுதிய ஒரே தப்புச் சீட்டு அதுதான்.

அப்படியானால் அந்த எச்சம், என்கிறீர்கள்.

அது எச்சமில்லை, ஐயா. மூன்றாம் நாள் காலையில் லேசாக அசைந்தது. நான் பார்த்தேன்.