கோயம்புத்தூர் சார்

பம்பு கெட்டுப்போகவில்லை, பசியில் கத்துகிறது என்று நதியா நினைத்தாள். தேவாரத்து வீட்டின் மொட்டைமாடியில், காய்கிற துணிகளுக்கு நடுவே நின்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டிருந்தாள். கம்பத்தில் உள்ள தென்னைநார் மில்லில் அவள் புருஷன் பாண்டியராஜன் நார்க்கட்டி அழுத்தும் மெஷின் பக்கம் போனை நீட்டிப் பிடித்திருந்தான். அந்த ஓலத்தில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. எண்ணெய் வர வேண்டிய வழியை எதுவோ மறிக்கிறது. ஆனால் இதைச் சொல்ல வேண்டியவள் நதியா இல்லை, மில்லில் எல்லோரும் நம்புகிற கோயம்புத்தூர் சார். சாராக மாறுவதற்கு அவளுக்கு எப்போதும் ஒரு மூச்சு வேண்டியிருந்தது.

பாண்டியராஜன்: சார்... கேக்குதா சார்?

நதியா: கேக்குது. பக்கத்துல மொதலாளி அண்ணாச்சி நிக்கிறாகளா?

பாண்டியராஜன்: ஆமா சார்.

நதியா: காதை ஒட்டியா?

பாண்டியராஜன்: ரொம்ப சார்.

நதியா: அப்ப ஆமா, இல்லைன்னு மட்டும் சொல்லுங்க. காலையில இட்லி எடுத்து வச்சிருந்தேனே, சாப்ட்டீகளா?

பாண்டியராஜன்: இல்ல சார்.

நதியா: ஏன்?

பாண்டியராஜன்: அது... இங்கன பிரசர் வரமாட்டேங்குது சார்.

நதியா: பட்டினி கெடந்தா உங்களுக்கும் வராது. மீட்டரு எம்புட்டு காட்டுது?

பாண்டியராஜன்: நூத்தம்பது வரணும் சார். எம்பதைத் தாண்ட மாட்டேங்குது. கட்டியக் கையில எடுத்தா பொலபொலன்னு உதிருது. சாயங்காலம் தூத்துக்குடிக்கு லாரி போகணும்.

ஞானதுரை: யோவ் பாண்டி, நீ கதை சொல்லிக்கிட்டே இரு. ரிலீப் வால்வை ரெண்டு சுத்து இறுக்கிரலாமான்னு சாரைக் கேளு.

நதியா: தொட வேணாம்! பம்புக்கே எண்ணெய் வரல, அதை இறுக்கி என்ன செய்ய? பெறகு எண்ணெய் வந்துச்சுன்னா பிரசர் எகிறி ஓஸு வெடிக்கும். அங்கன கை வச்சா இனி நான் போனே எடுக்க மாட்டேன்னு சொல்லுங்க.

பாண்டியராஜன்: அண்ணாச்சி, வால்வைத் தொட்டா இனிப் பேசவே மாட்டேங்கறாரு.

ஞானதுரை: அடேயப்பா... சரி சரி, தொடலன்னு சொல்லு. கோவக்கார மனுசன். ஆனா வெசயம் உள்ள மனுசன்.

நதியா (மனதுக்குள்): இந்தக் குரலில் நான் வீட்டில் ஒரு கிலோ துவரம்பருப்புகூட வாங்கிவரச் சொன்னதில்லை. சாருக்கு மட்டும் எங்கிருந்து வருகிறது இந்த அதட்டல்? ரெண்டு வருஷமாக என் நெஞ்சுக்குள் குடியிருக்கிற மனிதர் எனக்குத் தெரியாமல் எதையெல்லாம் சேர்த்து வைத்திருக்கிறார்!

பாண்டியராஜன்: சார், லைன்ல இருக்கீகளா?

நதியா: இருக்கேன். கட்டி அழுத்துற தட்டை ஒருதரம் கீழ எறக்கி, மேல ஏத்துங்க. சத்தம் எப்பக் கூடுதுன்னு நான் கேக்கணும். போனை டேங்கு பக்கம்...

பாண்டியராஜன்: சார்? ஹலோ... சார்?

நதியா: கேக்குதா? அய்ய... மறுபடியும் கேரளா டவருக்குத் தாவிருச்சு. மலையாளத்துல ஒருத்தி பேசுறா. ஹலோ!

*

ஞானதுரை: ஹலோ... சார், வணக்கம். ஞானதுரை பேசுறேன். பாண்டி கை பூரா எண்ணெய்யா இருக்கு, அதேன் நானே போட்டுட்டேன்.

நதியா (மனதுக்குள்): நேராக வந்துவிட்டார். இப்போது வைத்துவிட்டால் மெஷின் அப்படியே கிடக்கும். பேசினால்... கோயம்புத்தூரில் வேலை பார்த்த மூன்று வருஷத்தில் காதில் விழுந்த பேச்சு கொஞ்சமாவது நாக்கில் ஒட்டியிருக்காதா?

நதியா: வணக்கமுங்க.

ஞானதுரை: யாரும்மா? சாரு வீட்டுல அம்மாவா?

நதியா: ஆமாங்க. அவரு... உள்ளார இருக்காருங்க. நீங்க சொல்லுங்க, நான் கேட்டுச் சொல்றனுங்க.

ஞானதுரை: நல்லதும்மா. கிறிஸ்துமஸ்க்குக் கேக்கு குடுத்துவிட்டேனே, வந்து சேந்துச்சா?

நதியா: வந்துச்சுங்க. ரொம்ப நல்லாருந்துச்சுங்க.

ஞானதுரை: சாருக்குச் சக்கரை வியாதின்னு பாண்டி சொன்னானே?

நதியா: ...ஓரமாக் கொஞ்சம் தின்னாருங்க.

ஞானதுரை: ஹஹ்ஹா! பொல்லாத ஆளு. சரிம்மா, மெஷினுக்கு என்ன சொல்றாரு?

நதியா: தட்டை எறக்கி ஏத்தச் சொல்றாருங்க. நீங்க போனை டேங்கு பக்கம் புடிங்க.

ஞானதுரை: பாண்டி, எறக்குடா... ம்... இந்தா ஏறுது. கேட்டாரா?

நதியா: கேட்டாருங்க. எறங்க எறங்கக் கத்தல் கூடுது. ஏறும்போது கொறையுது. அப்படித்தானுங்க?

ஞானதுரை: அட, ஆமாம்மா! நாங்க அதைக் கவனிக்கவே இல்ல.

நதியா: உள்ள இருக்கிற சல்லடை அடைச்சிருந்தா ரெண்டு பக்கமும் கத்துமுங்க. எறங்கும்போது மட்டும்னா, டேங்குல இருந்து எண்ணெய் வெளிய போகுது, அந்த எடத்துக்குக் காத்து உள்ள வரல. டேங்கு மேல காளான் மாதிரி ஒரு மூடி இருக்குமுங்க. அது எப்படி இருக்குன்னு பாருங்க.

ஞானதுரை: மூடியா... மூடி தெரியலையேம்மா. அது மேலதான் பாலிதீன் கவர் போட்டுக் கட்டியிருக்கு.

நதியா: ...யாருங்க கட்டுனது?

ஞானதுரை: நம்ம பவுனுதேன். கட்டி அடுக்குற புள்ள. போன மாசம் சார்தானம்மா சொல்லிவிட்டாரு, டேங்குக்குள்ள நார்த்தூள் போகக் கூடாதுன்னு. பாண்டி எங்கிட்டச் சொன்னான், நான் நேத்துதேன் பவுனுகிட்டச் சொன்னேன். அது கயித்தைப் போட்டு மூணு சுத்து சுத்திருச்சு. ஒரு பொட்டுத் தூசி போகாது!

நதியா (மனதுக்குள்): வாரத்துக்கு ஒருதரம் அந்த மூடியின் சல்லடையைத் தட்டித் துடைக்க வேண்டும் என்றுதான் நான் சொன்னேன். என்னிடமிருந்து சார், சாரிடமிருந்து என் புருஷன், அவரிடமிருந்து அண்ணாச்சி, அண்ணாச்சியிடமிருந்து பவுனு. நான் நேரில் நின்று துடைத்துக் காட்டியிருந்தால், பாவம், அந்தப் பெண் கயிறு தேடிப் போயிருப்பாளா?

ஞானதுரை: என்னம்மா, சாரு திட்டுறாரா?

நதியா: இல்லைங்க. தப்பு அந்தப் புள்ள மேல இல்லைன்னு சொல்றாரு. மெஷினை நிப்பாட்டச் சொல்லுங்க. நிப்பாட்டியாச்சா? இப்பக் கயித்தை அறுத்துக் கவரை எடுங்க.

ஞானதுரை: பாண்டி, அறுடா... ஏ யப்பா! ஸ்ஸ்ஸுன்னு காத்தை இழுக்குதும்மா! பாம்பு மாதிரி!

நதியா: அது வழியாத்தானுங்க டேங்கு மூச்சு விடணும். மூடியக் கழட்டி, சல்லடையத் தட்டி, துணியால தொடைச்சு மாட்டச் சொல்லுங்க. மாட்டுனதும் கொஞ்ச நேரம் சும்மா ஓட விடுங்க, எடுத்த எடுப்புல அழுத்த வேணாம்... சரிங்க, இப்ப ஒரு கட்டி போடச் சொல்லுங்க.

ஞானதுரை: சத்தத்தையே காணோமே... மீட்டரு ஏறுது. நூறு... நூத்தி இருவது... நூத்தம்பது! நின்னுருச்சும்மா, நூத்தம்பதுலயே நின்னுருச்சு! கட்டி செங்கல்லு மாதிரி இருக்கு. பம்பை மாத்தணும்னு நான் ராத்திரி பூரா தூங்கல. சாரைக் கூப்பிடும்மா, அவரு கொரலை ஒருதரம் கேட்டுக்கிறேன்.

நதியா: அவரு... குளிக்கப் போயிட்டாருங்க.

ஞானதுரை: இப்பத்தான உள்ள இருந்து பேசுனாரு?

நதியா: சட்டுன்னு போயிட்டாருங்க.

ஞானதுரை: சரி, திங்கக்கெழமை கார் அனுப்புறேன். வெளிநாட்டுல இருந்து கட்டி வாங்குறவுக மில்லைப் பாக்க வர்றாக. மெஷின்ல சர்வீஸ் அட்டை தொங்கணுமாம், யாரு பாக்குறான்னு பேரு இருக்கணுமாம். சார் வந்து ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போகட்டும். இந்தா, பாண்டிகிட்டப் பேசு, நான் லாரிக்காரனைக் கூப்பிட்டுட்டு வாரேன்.

பாண்டியராஜன்: சார்... திங்கக்கெழமை நீங்க பெங்களூர் போறேன்னு சொன்னீகள்ல?

நதியா: அண்ணாச்சி போயிட்டாகளா?

பாண்டியராஜன்: ரெண்டெட்டுல நிக்கிறாரு சார். பெங்களூர்தான சார்? வர்றதுக்கு ஆறு மாசம் ஆகும்ல?

நதியா: நான் எங்கயும் போகல. போனை அண்ணாச்சிகிட்டக் குடுங்க.

பாண்டியராஜன்: வேணாம் புள்ள... சார்!

ஞானதுரை: புள்ளயா? யாரைடா புள்ளங்கற?

பாண்டியராஜன்: இல்ல அண்ணாச்சி, அது வந்து...

ஞானதுரை: போனைக் குடுறா. ஹலோ, அம்மா?

நதியா: அண்ணாச்சி... நான் நதியா. பாண்டியராஜன் வீட்டுல. தேவாரத்துல இருந்து பேசுறேன்.

ஞானதுரை: பேச்சே மாறுதே... அப்ப சாரு?

நதியா: சாருன்னு யாரும் இல்ல அண்ணாச்சி. ரெண்டு வருசமா உங்க மெஷினுக்குச் சொன்னது நாந்தேன். டிப்ளமா படிச்சிட்டு, கல்யாணத்துக்கு முந்தி கோயம்புத்தூர்ல இந்த மாதிரி பிரஸ்ஸு மெஷின் பண்ற கம்பெனியில இதே வேலையத்தேன் பாத்தேன்.

ஞானதுரை: ...கேக்கு?

நதியா: நாங்கதேன் தின்னோம்.

ஞானதுரை: சக்கரை வியாதி?

நதியா: அது இவுகளா சொன்னது. நீங்க மறுநாளே பலாப்பழம் அனுப்பிருவீகளோன்னு பயந்து.

ஞானதுரை: ஏலே பாண்டி! வெக்கமா இல்ல? பொண்டாட்டி மூளைய வச்சுக்கிட்டு, இல்லாத மனுசனுக்குப் பேரு வச்சு, தமிழ்மாறன் சாராம் தமிழ்மாறன் சாரு... அந்தப் புள்ளைய மறைச்சா வச்ச?

பாண்டியராஜன்: ஆமா அண்ணாச்சி. எந்தப்புதேன். அவளை ஒண்ணும் சொல்லாதீக.

ஞானதுரை: அவளை எதுக்குடா சொல்றேன்? அவ இல்லைன்னா இந்நேரம் புதுப் பம்புக்கு ஆளு அனுப்பியிருப்பேன். ஏத்தா நதியா, நெசமாவே சத்தத்தைக் கேட்டே கண்டுபிடிச்சியா?

நதியா: ஆமா அண்ணாச்சி.

ஞானதுரை: நல்லா இரு. திங்கக்கெழமை நீயே வா. மெஷினைக் கிட்ட நின்னு பாரு. பவுனுக்கும் சொல்லிக் குடு. ஆனா ஒண்ணு மட்டும்... கோவிச்சுக்கக் கூடாது.

நதியா: சொல்லுங்க.

ஞானதுரை: அட்டையில தமிழ்மாறன்னே இருக்கட்டுமே. கோயம்புத்தூர் இன்ஜினியருன்னு அவுககிட்ட எழுதிக் குடுத்துட்டேன். பேரும் கம்பீரமா இருக்கு. ஆளு வரலைன்னா என்ன, கையெழுத்து இருந்தாப் போதும். நீயே போட்டுரு, யாரு பாக்கப் போறா?

பாண்டியராஜன்: ஒரு கையெழுத்துத்தான நதியா... போட்டுரு.

நதியா: எம் புருசனைத் திட்டாதீக அண்ணாச்சி, அதை மொதல்ல சொல்லிர்றேன். மொத நாளே அவுக, எம் பொண்டாட்டி சொல்றான்னுதேன் உங்ககிட்டச் சொல்லப் போனாக. நாந்தேன் வேணாம்னேன். சாரை உண்டாக்குனதும் நாந்தேன், பேரு வச்சதும் நாந்தேன். நான் சொல்லி எதாச்சும் தப்பாப் போச்சுன்னா, அது அந்தச் சாரு மேல போகட்டும், என் மேல வர வேணாம்னு. இன்னைக்கு அந்தக் கவரு மாதிரி. திங்கக்கெழமை நான் வாரேன், பவுனுகிட்டயும் நானே பேசுறேன். ஆனா தமிழ்மாறன்னு நான் கையெழுத்துப் போட மாட்டேன், அண்ணாச்சி.